ஒற்றை ஊசியும் ஒரு நூலும்

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு

முன்னுரை



‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை நாள்தோறும் சொல்கிறோம். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் அச்சொல் நெஞ்சை உறுத்தும். பொழுது என்ன, கூடத்தில் சேர்ந்த குப்பையா, கூட்டிப் போக்குவதற்கு? பள்ளி விட்டு வந்து, முகம் கழுவிக் காப்பி அருந்தி, பாடப் புத்தகத்தின் முன் அமரும் வரை நமக்கென்று கிடைக்கும் அரை மணி நேரம் ஆண்டவர் தந்த கொடை. அதை அலைபேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் கரைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. கண்ணால் கண்டு மகிழத்தக்க ஒரு பொருளாக ஆக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. பொழுதை ஆக்குகின்ற கைவேலைகள் பல உண்டு. அவற்றுள் எளியது, இனியது, செலவு குறைந்தது, நம் போன்ற சிறுமியர்க்கும் நம் பாட்டிமார்க்கும் ஒருங்கே ஏற்றது குரோஷா பின்னல். அதன் வரலாறு, பின்னும் முறை, அது தரும் மகிழ்ச்சி, ஆறுதல் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குரோஷா என்பது யாது?

பிரெஞ்சு மொழியில் ‘குரோஷே’ என்றால் சிறு கொக்கி என்று பொருள். நுனியில் கொக்கி போல் வளைந்த ஒற்றை ஊசியால், ஒரு கண்ணுக்குள் நூலை இழுத்து மறு கண்ணை உண்டாக்கி, அதற்குள் அடுத்த கண்ணை உண்டாக்கிக்கொண்டே செல்வதுதான் குரோஷா. நம் வீடுகளில் குரோஷா ஊசி என்றும் கொக்கி ஊசி என்றும் சொல்வார்கள்.

ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் கண்கள் அத்தனையும் ஊசியிலேயே கோத்து நிற்கும். ஊசி நழுவினால் கண்கள் வரிசையாகக் கழன்று ஏணி போல் இறங்கிவிடும். குரோஷாவில் அந்த அச்சம் இல்லை. பெரும்பாலும் எந்த நேரத்திலும் திறந்திருக்கும் கண் ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் பால் பொங்குகிறதா, வாசலில் யாரேனும் அழைக்கிறார்களா, அந்த ஒரு கண்ணைச் சற்று நீளமாக இழுத்து விட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலை ஓயாத நம் அன்னையர் இப்பின்னலை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு சிறப்பும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். அன்று முதல் இரட்டை ஊசிப் பின்னலை எந்திரங்கள் செய்து தள்ளுகின்றன. ஆனால் குரோஷாவை மனிதக் கை பின்னுவது போலப் பின்னித் தரும் எந்திரம் இன்னும் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. கடையில் ஓர் உண்மையான குரோஷா விரிப்பைக் கண்டால், அதன் ஒவ்வொரு கண்ணையும் யாரோ ஒருவரின் விரல்கள் இழுத்திருக்கின்றன என்று உறுதியாக நம்பலாம்.

பஞ்சத்தில் பசி தீர்த்த பின்னல்

பணக்காரப் பெண்களின் வரவேற்பறையில் இருந்த இக்கலை ஏழைகளின் அடுப்பை எரிய வைத்த கதை அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. 1845ஆம் ஆண்டில் அந்நாட்டின் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு கொடிய நோய் தாக்கியது. உருளைக்கிழங்கே ஏழைகளின் முதன்மை உணவு. 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர்.

அந்நாள்களில் கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலின் சபைக் கன்னியர் ஏழைச் சிறுமியர்க்குக் குரோஷா கற்பித்தனர். 1847ஆம் ஆண்டில் குளோன்ஸ் என்னும் ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற அம்மையார், ஒரு போதகரின் துணைவியார், அதே தொண்டைத் தொடங்கினார். ரோஜா, இலை, மூவிலைச் செடி ஆகிய வடிவங்களைத் தனித்தனியே பின்னிப் பின்பு வலைப் பின்னலால் ஒன்றாக இணைப்பது அயர்லாந்து முறை. தாய் ரோஜாவைப் பின்ன, மகள் இலையைப் பின்ன, கைதேர்ந்த ஒருத்தி அனைத்தையும் இணைப்பாள். இதனால் குடும்பம் முழுவதும் வேலையில் பங்குகொள்ள முடிந்தது. வெனிஸ் நகரத்து விலை உயர்ந்த லேஸைப் போலவே தோன்றிய இப்பின்னல், அதைவிட மிகக் குறைந்த நாள்களில் முடிந்தது. எனவே லண்டன், பாரிஸ் முதலிய நகரங்களில் நல்ல விலைக்குப் போயிற்று. அதே காலத்தில் ரியேகோ டி லா பிராஞ்சார்டியர் என்ற பெண்மணி பின்னல் முறைகளைப் புத்தகங்களாக அச்சிட்டு வெளியிட்டார்.

ஒரு சிறு கொக்கி எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணும்போது நம் உள்ளம் உருகுகிறது. அரண்மனையும் இக்கலையை மதித்தது. 1900ஆம் ஆண்டில் எண்பது வயதை எட்டிய விக்டோரியா மகாராணியார், தென்னாப்பிரிக்கப் போரின் வீரர்களுக்கெனத் தம் கையாலேயே எட்டுக் கழுத்துத் துணிகளைப் பின்னி வழங்கினார். ஏழையின் குடிசையிலும் அரசியின் மாளிகையிலும் ஒரே ஊசி, ஒரே நூல்!

நம் மண்ணில்

நம் தமிழகத்தின் தென்கோடியிலும் நூல்வேலை பெண்களைத் தலைநிமிர வைத்திருக்கிறது. 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் வேலையும் கற்பித்தார். அது மெத்தையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். குரோஷாவுக்கு அக்காள் முறை எனலாம். அங்கு லேஸ் கற்ற அடிமைச் சிறுமியர் சிலர், தம் உழைப்பின் கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டில்தான் சட்டப்படி ஒழிந்தது. சட்டம் வருமுன்பே நூல் அவர்களின் விலங்கை அறுத்தது! மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயரின் துணைவியார். அவரும் இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் வேலை கற்பித்தார்.

கத்தோலிக்கக் கன்னியரும் இத்தொண்டில் பின்தங்கவில்லை. பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த மதர் மரி லூயிஸ் தெ மீஸ்டர் 1897ஆம் ஆண்டில் முளகுமூட்டுக்கு வந்து, ஆதரவற்ற சிறுமியரைப் பேணி, கல்வியோடு கைவேலையும் கற்பித்தார்.

குரோஷாவுக்கே பெயர் பெற்ற ஊர் நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் உள்ளது. அதன் பெயர் நர்சாபூர். அங்குப் பல தலைமுறைகளாகப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பின்னும் விரிப்புகள் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. 2024ஆம் ஆண்டில் நர்சாபூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அக்கதையில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982ஆம் ஆண்டில் இப்பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுவதும் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகச் சிறிது. வாணிகம் செய்தவர்க்கே பெருந்தொகை சேர்ந்தது. அப்பெண்களை ‘சும்மா வீட்டில் இருப்பவர்கள்’ என்றே ஊர் சொன்னது என்று அவர் எடுத்துக்காட்டினார். வீட்டில் அமர்ந்து செய்வதால் ஒரு வேலை, வேலை இல்லை என்றாகிவிடுமா? நாம் விளையாட்டாய்ப் பின்னுகிறோம். அவர்கள் வயிற்றுக்காகப் பின்னுகிறார்கள். பொருட்காட்சியிலோ கோயில் திருவிழாக் கடையிலோ ஒரு குரோஷா விரிப்பை எடுத்து, “இவ்வளவு விலையா?” என்று பேரம் பேசும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு சாண் பின்னிப் பார்த்தவள் அப்படிப் பேரம் பேசவே மாட்டாள்.

பெண்கள் பலர் ஒன்று கூடினால் எவ்வளவு பெரிதாகப் பின்ன முடியும் என்பதற்கும் நம் தலைநகரே சான்று. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். இரண்டரை ஏக்கருக்கும் மேல்! ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டோ?

கற்போம் வாரீர்

இனிக் கையில் ஊசியை எடுப்போம். குரோஷா நூலின் உறையில் 10, 20, 40 என எண்கள் இருக்கும். எண் கூடக் கூட நூல் மெலியும். புதிதாகக் கற்பவர் சற்றுத் தடித்த பருத்தி நூலும் 3 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கிக்கொள்க. வெளிர் நிறமாக இருந்தால் கண்கள் தெளிவாகத் தெரியும். இரண்டுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு.

அடிப்படையானவை நான்கே.

1. சங்கிலி: நூலில் சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுக. நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சின் கண் வழியே இழுக்க. ஒரு சங்கிலி ஆயிற்று.

2. இணைப்புக் கண்: ஊசியை உரிய கண்ணில் நுழைத்து, நூலைச் சுற்றி, எல்லாவற்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுக்க.

3. குட்டைக் கண்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்கள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுக்க.

4. நெட்டைக் கண்: முதலிலேயே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஊசியை நுழைத்து இழுக்க. இப்போது ஊசியில் மூன்று கண்கள். நூலைச் சுற்றி இரண்டின் வழியே இழுக்க. மறுபடி சுற்றி எஞ்சிய இரண்டின் வழியே இழுக்க.

புத்தகம் பார்த்துப் பின்னுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நெட்டைக் கண் என்று சொன்னதைப் பிரிட்டிஷ் புத்தகங்கள் ‘டிரபிள்’ என்றும், அமெரிக்கப் புத்தகங்கள் ‘டபுள்’ என்றும் கூறும். எந்நாட்டுப் புத்தகம் என்று பாராமல் தொடங்கினால் கைக்குட்டை மேசை விரிப்பாகிவிடும்!

இனி, தம்ளர் வைக்க ஒரு வட்ட விரிப்பு:

தொடக்கம்: 4 சங்கிலி பின்னி, முதற் சங்கிலியில் இணைத்து வளையமாக்குக.

முதற்சுற்று: 3 சங்கிலி (இது ஒரு நெட்டைக் கண்ணாகக் கணக்கு). வளையத்துள் 11 நெட்டைக் கண்கள். மூன்றாம் சங்கிலியின் தலையில் இணைக்க. மொத்தம் 12.

இரண்டாம் சுற்று: ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு நெட்டைக் கண்கள். மொத்தம் 24.

மூன்றாம் சுற்று: ஒரு கண்ணில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 36.

நான்காம் சுற்று: இரு கண்களில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு. மொத்தம் 48.

(இரண்டாம் சுற்று முதல் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 3 சங்கிலி முதல் நெட்டைக் கண்ணாகும், சுற்று முடிந்ததும் அதன் தலையில் இணைக்க மறவாதீர்.)

ஓரம்: 2 கண்களைத் தாண்டி, மூன்றாவதில் 5 நெட்டைக் கண்கள், மேலும் 2 கண்களைத் தாண்டி, அடுத்ததில் இணைப்புக் கண். இவ்வாறு சுற்றிலும் செய்தால் 8 சிப்பி இதழ்கள் வரும். நூலை வெட்டி, கடைசிக் கண் வழியே இழுத்து இறுக்கி, நுனியைப் பின்பக்கத்தில் ஒளித்துத் தைத்துவிடுக.

கணக்கும் பின்னலும்

‘ஒவ்வொரு சுற்றிலும் ஏன் சரியாக 12 கண்கள் கூட்ட வேண்டும்?’ என்று ஒருத்தி கேட்கலாம். விடை நம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு 2πr. நெட்டைக் கண்ணின் உயரம் அதன் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு சுற்று முடிந்தால் ஆரம் இரண்டு கண் அகலம் வளர்கிறது. ஆகவே சுற்றளவு 2 × 22/7 × 2, அதாவது ஏறத்தாழ 12.5 கண் அகலம் வளர வேண்டும். அதனால்தான் 12! குட்டைக் கண்ணுக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாதலின், அதில் சுற்றுக்கு 6 கூட்டினால் போதும். எந்தக் கல்லூரியிலும் பயிலாத நம் பாட்டிமார் இந்தக் கணக்கைத் தம் விரல் நுனியில் வைத்திருந்தனர் என்பது வியப்பன்றோ?

கூட்டும் எண்ணைக் குறைத்தால் விரிப்பு கிண்ணம் போல் குழியும். தொப்பி பின்னும் முறை அதுவே. அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் ஓரம் கோழிக்கொண்டைப் பூவைப் போல் மடிந்து நெளியும். இந்த நெளிவைக் கொண்டு ஒரு பெரிய அறிவியல் உண்மையையே விளக்கியவர் டைனா டைமினா என்ற கணித அறிஞர். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அக்கோட்டைத் தொடாமல் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் செல்லக்கூடிய விந்தையான தளம் ஒன்று கணிதத்தில் உண்டு. அதனை ‘ஹைப்பர்போலிக் தளம்’ என்பர். அதைத் தாளில் செய்து காட்டினால் எளிதில் கிழிந்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1997ஆம் ஆண்டில் அதைக் குரோஷாவில் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். இதே நெளிவு கடலில் வாழும் பவளங்களிலும் காணப்படுகிறது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரியர் 2005ஆம் ஆண்டில் நூலாலேயே பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கி, அழிந்து வரும் பவளங்களின் துயரை உலகுக்கு உணர்த்தினர். நம் மன்னார் வளைகுடாவிலும் பவளத்திட்டுகள் உள்ளன என்பதை நாம் மறக்கலாகாது.

மனத்துக்கு மருந்து

குரோஷாவின் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது? முதலாவது, தாளத்தில் இருக்கிறது. சுற்று, நுழை, இழு என்று கை ஒரு தாளத்தில் ஓடத் தொடங்கியதும் மூச்சும் அத்தாளத்தில் அமைதி பெறுகிறது. இரண்டாவது, எண்ணிக்கையில் இருக்கிறது. எண்ணிக்கொண்டே இருக்கும் மனத்தில் வீண் கவலை புக இடமில்லை. மூன்றாவது, வளர்ச்சியில் இருக்கிறது. படித்த பாடம் மனத்தில் ஏறியதா என்பது தேர்வு வரை தெரியாது. பின்னிய ஓர் அங்குலமோ கண் முன்னே நிற்கும். நான்காவது, பிரிக்கும் உரிமையில் இருக்கிறது. தவறு நேர்ந்தால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும், தவறிய இடம் வரை பிரிந்து வந்துவிடும். நூல் சற்றுச் சுருண்டிருக்குமே தவிர வீணாவதில்லை. மறுபடி பின்னலாம். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டதெல்லாம் இந்தச் சுருண்ட நூலைப் பார்த்தால் நன்கு விளங்குகிறது.

ஆறுதலைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் அம்மாச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாத்தா இறந்தபின் அம்மாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பகலில் யாரிடமும் அதிகம் பேசமாட்டார்கள். இரவில் தூங்க மாட்டார்கள். ஒரு நாள் தம் தகரப் பெட்டியிலிருந்து பழைய குரோஷா ஊசியை எடுத்து, அப்பாவிடம் வெள்ளை நூல் வாங்கி வரச் சொன்னார்கள். நள்ளிரவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கூடத்து விளக்கடியில் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் அம்மாச்சி இன்னும் தூங்கல?” என்று கேட்டேன்.

“ஐம்பத்து மூணு மணிச் செபம் சொல்லி முடிச்சும் தூக்கம் வரல, கண்ணு. படுத்தா தாத்தா இருமுற சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு. இதுல எண்ணிக்கிட்டே இருந்தா விடிஞ்சிடுது. நீ போய்ப் படு” என்றார்கள்.

அவ்வாறு விடிந்த இரவுகளில் உருவானது ஒரு பீட விரிப்பின் ஓரம். ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. ஓரம் முடியும் முன்பே அம்மாச்சி எங்களோடு அமர்ந்து சாப்பிடவும், தாத்தாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசவும் தொடங்கிவிட்டார்கள். தாத்தாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலியில் அந்த விரிப்பு எங்கள் பங்குக் கோயில் பீடத்தில் இருந்தது. ஊசி அவர்களின் துயரைப் போக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். துயரோடு தனித்திருந்த கைகளுக்கு அது ஒரு வேலை கொடுத்தது. அந்த வேலை அவர்களை ஒவ்வொரு விடியலுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு இக்கலையைக் கற்றுத் தந்ததும் அந்தக் கைகள்தான்.

படிப்புக்குப் பகையா?

“பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னல் எதற்கு?” என்று பெற்றோர் பலர் கேட்பது இயல்பே. என் அம்மாவும் கேட்டார்கள். “அரசுப் பொதுத்தேர்வு வருது. அந்த நூலைக் கீழ வை, இந்த நூலை எடு” என்பது எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒலித்த வாசகம்.

இழைக்கும் புத்தகத்துக்கும் நூல் என்ற ஒரே பெயரை வைத்த மொழி நம் தமிழ் மொழி. பவணந்தி முனிவரின் நன்னூலுக்குரிய பாயிரப் பகுதியில், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்திருப்பதை நம் தமிழாசிரியை விளக்கக் கேட்டிருக்கிறோம். ஆகவே இவ்விரு நூல்களும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஒழுங்கு வேண்டும். கடிகாரத்தைப் பாராமல் பின்னினால் பின்னல் படிப்பைத் தின்றுவிடும் என்பது உண்மையே. எனவே எங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒரு பாடம் முழுவதும் படித்து முடித்தபின் இரண்டு சுற்று. அதற்கு மேல் ஒரு கண்ணும் கூடாது. பின்னும்போது படித்ததை மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். வேதியியல் சமன்பாடுகள் எனக்கு இப்படித்தான் மனத்தில் தங்கின. இப்போது அம்மாவே, “இன்னைக்கு ரெண்டு சுத்து ஆச்சா?” என்று கேட்கிறார்கள்.

தேர்வு வேளையில் நம்முள் சிலர் நகம் கடிக்கிறோம். சிலர் உறக்கம் இழக்கிறோம். சிலர் யாருக்கும் தெரியாமல் அழுகிறோம். முதல் மதிப்பெண் பெறுபவளுக்கும் இந்தப் பயம் உண்டு. எப்போதும் இறுக்கிப் பிடித்த நூலில் ஊசி நுழையாது என்பது பின்னுகிறவர்கள் அறிந்த முதற்பாடம். மனமும் அவ்வாறே. நாளுக்குப் பத்து நிமிடம் தளர்த்திக்கொடுத்தால் அது மேலும் நன்றாகப் பின்னும். பெற்றோர் இதனைப் பரிவோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பிறர்க்கென ஒரு முழம்

திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா நகரத்துத் தபித்தா என்னும் தொற்காவைப் பற்றிப் படிக்கிறோம். அவர் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள். அவர் பேசிய பேச்சு ஒன்றும் அங்கே எழுதப்படவில்லை. அவர் கைவேலைதான் அவருக்காகப் பேசிற்று.

நம் கைவேலையும் அவ்வாறு பேசட்டும். பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி, புதுநன்மை வாங்கும் சிறுமிக்கு முக்காட்டின் ஓரம், முதியோர் இல்லத்துப் பாட்டிக்கு ஒரு சால்வை, செபமாலை வைக்க ஒரு சிறு பை, இவற்றுள் எதையும் ஒரு பள்ளி விடுமுறைக்குள் நம்மால் பின்ன இயலும். கடையில் வாங்கிய பரிசில் பணம் இருக்கிறது. பின்னிய பரிசில் நம் வாழ்நாளின் சில மணி நேரம் இருக்கிறது. அந்த மணிகளை வேறு எவருக்கும் மீண்டும் கொடுக்க முடியாது.

முடிவுரை

பஞ்சத்தில் அயர்லாந்துச் சிறுமிக்கு உணவாகவும், நர்சாபூர்ப் பெண்ணுக்கு உழைப்பாகவும், கணித அறிஞருக்குக் கருவியாகவும், துயருற்ற முதியவர்க்குத் துணையாகவும் விளங்கும் குரோஷா, நமக்கும் ஒரு நல்ல தோழியாக விளங்கும் என்பதில் ஐயமில்லை. தோழியரே, வரும் கோடை விடுமுறையில் ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் வாங்குங்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பின்னத் தெரிந்த ஒரு பாட்டி நிச்சயம் இருப்பார். அவர் அருகில் சென்று அமர்ந்து, “எனக்குக் கற்றுத் தாருங்கள்” என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். நீங்கள் கற்கும் கலை ஒன்று. அவர்க்கு நீங்கள் தரும் மகிழ்ச்சி மற்றொன்று. முதல் சங்கிலி கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம். பிரித்துவிட்டுப் பின்னுங்கள்.